பெட்டியில் வந்த குளிசைகள்



நூற்றாண்டையொட்டி வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்றைச் சென்ற கிழமை பிரித்தோம். வலைப்பந்தாட்டக் குழுவுக்கும் ஓட்டக்காரிகளுக்கும் என்று எழுதியிருந்தது. உள்ளே போத்தல் போத்தலாக 1000 மில்லிகிராம் விற்றமின் சி, 400 அலகு விற்றமின் ஈ. அன்போடு அனுப்பியவை, செலவும் சிறிதல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தவர்கள், இங்கே படித்து வைத்தியர்களான நாங்கள்தான். ஏன் என்று சொல்லும்படி செயற்குழு எங்களை மேடையேற்றிவிட்டது.

நாங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடிய காலத்தில் குளுக்கோசும் தோடம்பழச் சுளையும்தான். இந்தக் குளிசைகள் பிறகு வந்தவை. ஓடும்போது தசை அதிக ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது. அப்போது சுயாதீன மூலிகங்கள் உண்டாகின்றன. அவை கலங்களைச் சேதப்படுத்தக்கூடியவை. ஒட்சியேற்ற எதிரிகளான இந்த விற்றமின்கள் அவற்றை அடக்கும். அப்படியானால் களைப்புக் குறையும்தானே என்று நாங்களும் நம்பினோம். வருத்தக்காரருக்கு எழுதியும் கொடுத்தோம், மறைக்கவில்லை.

நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்று. அந்த மூலிகங்கள் தசைக்கு ஒரு செய்தியும் சொல்கின்றன. இவள் இன்று ஓடினாள், நாளையும் ஓடுவாள், இழைமணிகளைக் கூட்டு என்பதே அந்தச் செய்தி. பயிற்சியால் உடல் பலப்படுவது இப்படித்தான். பெரிய அளவுக் குளிசை அந்தச் செய்தியின் வாயைப் பொத்துகிறது.

2009இல் ஜேர்மனியில் ஏறத்தாழ 40 இளைஞர்களுக்கு 4 கிழமை உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப்பேர் தினமும் விற்றமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 அலகும் எடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது குளிசை எடுக்காதவர்களில் மட்டும். நீரிழிவுக்குப் பயந்து காலையில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே குளிசையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அக்காமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2014இல் நோர்வேயில் 54 இளம் ஆண்களும் பெண்களும் 11 கிழமை பயிற்சி செய்தார்கள். ஓட்டத்தில் இரு பகுதியினரும் ஒரேயளவு முன்னேறினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தசையில் இழைமணிகள் பெருகுவதற்கான அடையாளம் விற்றமின் எடுத்தவர்களில் கூடவில்லை. குளிசையால் கூடுதல் இலாபம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இனிக் குருதிக்கு வருவோம். பயிற்சியில் மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளையின் கண்ணிமையை முதலில் இழுத்துப் பாருங்கள். ஒட்சிசனைத் தசைக்குக் கொண்டுபோவது ஈமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாய் தொடங்கிய வயது, காலையில் வெறும் தேநீர், பின்னேரம் மைதானம் என்றால் இரும்பு எங்கிருந்து வரும்? ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. அதற்கு முன்னரே உடலின் இரும்புச் சேமிப்புக் கரைந்துவிடும். பெரிற்றின் பரிசோதனையில் அது தெரியும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். கீரையில் தேசிக்காய்ப்புளி விட்டால் கூடும். விற்றமின் சிக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. அதற்குப் போத்தல் தேவையில்லை. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளுக்கு வேண்டியதைவிடக் கூடவே உண்டு.

இதே காரணத்தால், தலசீமியாவால் உடலில் இரும்பு மிகுந்தவர்கள் விற்றமின் சிக் குளிசையைத் தாமாக எடுக்கக்கூடாது. விற்றமின் ஈ பெரிய அளவில் குருதி உறைவதைக் குறைக்கும். வோர்பரின் எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. எங்கள் ஆசிரியர்களில் சிலரும் வோர்பரின் எடுக்கிறார்கள். பெட்டியிலிருந்த போத்தல்கள் அவர்களுக்கும் பங்கிடப்பட இருந்தன என்று கேள்விப்பட்டுத்தான் நாங்கள் ஓடிவந்தோம்.

ஆகவே கிளைச் சங்கங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பெட்டிக்கான காசை அப்படியே அனுப்புங்கள். பெற்றோரின் சம்மதத்தோடு விளையாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் குருதிப் பரிசோதனை செய்வோம். குறைவுள்ளவர்களுக்கு மட்டும் இரும்புக் குளிசை. மிச்சக் காசில் பயிற்சி முடிய எல்லோருக்கும் அவித்த கடலையும் முட்டையும் கொடுப்போம். ஏற்கெனவே போத்தல் வாங்கிப்போனவர்கள், தாங்கள் எடுக்கும் மருந்துகளின் துண்டையும் கொண்டு மனையியல் அறைக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு முடியும்வரை நாங்கள் அங்கே இருப்போம்.