தருமபுரிக்கு ஒரு வாசனை வரைபடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பழைய நினைவுகளைப் பத்து நிமிஷம் பேசுங்க” என்றார் நம் சங்கச் செயலாளர். என் பழைய நினைவுகளில் பாதி ஒருமுறை காணாமல் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. போகும்போது மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. அடுப்பில் பால் தீய்ந்து புகைகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். “என்னங்க, இதுகூடவா தெரியலை?” என்று என் மனைவி ஓடி வந்தபோதுதான் விஷயமே புரிந்தது.

ஆறு மாதம் கழித்து, இங்கிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போன லாரியின் பிரேக் சூடேறிக் கருகும் நெடி! எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அதன்பிறகு ஒவ்வொரு வாசனையாகத் திரும்பியது. எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்தேன். அப்போதுதான் நம் தமிழின் செல்வமும் தெரிந்தது. ஆட்டுக்கு மொச்சை, மீனுக்குக் கவிச்சி, மிளகாய்க்கு நெடி, பழைய எண்ணெய்க்குச் சிக்கு. இன்று நாம் முகம் சுளிக்கிற ‘நாற்றம்’ என்ற சொல்கூடச் சங்க காலத்தில் நறுமணத்தைக் குறித்ததுதான்.

இப்படிக் குறித்ததைப் படமாகவே வரையலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தைச் சேர்ந்த கேட் மெக்லீன் என்ற வடிவமைப்பாளர் 2011-இல் எடின்பரோ நகரத்துக்கு வாசனை வரைபடம் போட்டார். மதுவடிப்பு ஆலையின் மால்ட் வாசனை, மிருகக்காட்சிசாலைப் பெங்குவின் வாடை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு நிறம். காற்றோடு அது பரவுவதைக் காட்டக் கோடுகள். பிற ஊர்களில் மக்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, முகர்ந்ததை எழுதச் சொல்லி வரைந்தார்.

நம்ம ஊருக்கு மட்டும் என்ன குறைச்சல்? பட்டுக்கூடு அங்காடியில் உயிருள்ள கூடுகளின் பச்சை வாடை. மாசி, பங்குனியில் திண்ணை தோறும் புளி தட்டும் வாசனை. அரவைக் காலத்தில் பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைப் பக்கம் வெல்லப்பாகு மணம். ஒகேனக்கல்லில் மீன் வறுவலும் மசாஜ் எண்ணெயும். நம் கல்லூரியை விடலாமா? வேதியியல் கூடத்து ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகிய முட்டை நாற்றம், காற்று வாக்கில் தமிழ் வகுப்புவரை வந்து எங்களோடு செய்யுள் படித்ததே!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேராகச் சேர்ந்து ஒரு மணி நேரம் நடங்கள். என்ன வாசனை, எவ்வளவு தூக்கல், எவ்வளவு நேரம் நின்றது, எதை நினைவூட்டியது என்று எழுதுங்கள். ஊர்ப்படத்தில் லேசானதற்குச் சின்ன வட்டம், தூக்கலானதற்குப் பெரிய வட்டம் போடுங்கள். காற்று போகும் பக்கம் அதற்கு ஒரு வால் இழுங்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். சாக்கடை நாற்றத்தையும் மறைக்காமல் போடுங்கள். எங்கே சரிசெய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும்.

போட்டோவில் முகம் நிற்கும், வாசனை நிற்காது. அந்தத் தொழில் போனால், அந்தக் கடை மூடினால், அதுவும் போச்சு.

எனக்குப் புளி திரும்ப வந்துவிட்டது. பிரேக் நெடியும் வந்துவிட்டது. மல்லிகை மட்டும் இன்றுவரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பூக்கடை பக்கம் போகிறவர்கள், சாயங்காலம் அந்த மணம் எதுவரை வருகிறது என்று உங்கள் படத்தில் காட்டுங்கள். அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.