வேலை பார்த்த எஞ்சின் கிளம்பாவிட்டால்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



பொன்விழா மேடையில் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை எங்களைக் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். ஸ்பானர் பிடித்த கைக்கு மைக் பிடிக்க வருமா என்றோம். "ஸ்பானரைப் பற்றியே பேசுங்கள். ஊருக்கு அதுவும் வேண்டியதுதானே" என்றார். ஆகவே தெரிந்ததைப் பேச வந்திருக்கிறோம். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1544-ஆம் ஆண்டு புனித சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்தபோது நம் முன்னோர் கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். துடுப்பும் பாயும்தான் அவர்களுடைய எஞ்சின். 1980-களில்தான் வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின் நம் குமரிக் கரையில் பரவியது. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் ஒட்டுப்பலகை வள்ளங்களையும் எஞ்சின்களையும் நம் மக்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அன்று முதல் நம் தூரம் கூடிற்று, கடனும் கூடிற்று. பாய் ஏமாற்றினால் காற்றைக் குறை சொன்னோம். எஞ்சின் ஏமாற்றினால் ஒருவரை ஒருவர் குறை சொல்கிறோம். இன்று நாங்கள் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

ஆண்டவர் செபதேயுவின் மக்களை அழைத்தபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? படகில் அமர்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. பழுது பார்ப்பதும் தொழிலில் பாதி என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. ஆனால் பழுது பார்த்த பிறகு வருகிற பழுது ஒன்று உண்டு. நேற்று வரை ஓடிய எஞ்சின், வேலை பார்த்துப் பூட்டிய மறுநாள் கிளம்ப மாட்டேன் என்கிறது. அதைப் போல் மனிதனைக் கோபப்படுத்துவது வேறொன்றும் இல்லை.

எங்களுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, உறவுமுறையில் எங்களுக்கு மாமாவான ஒருவரின் எஞ்சினை வேலை பார்த்தோம். புது பிளக் போட்டோம். கியர் ஆயில் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். தண்ணீர் இழுக்கும் இம்பெல்லரையும் புதிதாக மாட்டினோம். பிறகு தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கி, பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பத்து நிமிடம் ஓடிற்று. சத்தம் மணி போல் இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டு, குழாயைப் பெட்ரோல் பக்கம் திருப்பி வைத்து, கைகழுவி வீட்டுக்குப் போனோம். ஞாயிறு கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை.

திங்கள் விடியுமுன் நான்கு பேர் அந்த வள்ளத்தைத் தள்ளினார்கள். அலை பார்த்துத் துடுப்புப் போட்டு வெளியே வந்து கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடிக்கவில்லை. இருபது தடவைக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். அதற்குள் ஓர் அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்ப, அடுத்த அலை தூண்டில் வளைவின் கல்லில் கொண்டுபோய் மோதிற்று. மூவர் குதித்துத் தப்பினார்கள். மாமாவின் தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பலகை பிளந்தது. எஞ்சின் மூழ்கியது.

நாங்கள் ஓடிப்போய் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "உங்க மண்ணெண்ணெயில தண்ணி இருந்திருக்கும் மாமா." அவர் சொன்னார்: "நீங்க பழைய பிளக்கையே போட்டுட்டு புதுசுக்குக் காசு வாங்கியிருப்பீங்க." கோயில் முற்றம் வரை அந்தப் பேச்சு வந்தது. இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் போயிற்று.

மூழ்கிய எஞ்சினை ஆறப்போடக் கூடாது. உப்பு தின்றுவிடும். அதனால் அன்றைக்கே எங்கள் கொட்டகையில் அதைப் பிரித்தோம். பிளக் நாங்கள் போட்ட புது பிளக்தான். கார்புரேட்டர் கிண்ணத்தில் அடியில் உப்புத் தண்ணீர், அதன் மேல் எண்ணெய். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டோம். பெட்ரோலாக இருந்தால் ஜில்லென்று உலர்ந்து போயிருக்கும். இதுவோ பிசுபிசுவென்று அப்படியே நின்றது. மண்ணெண்ணெய்! அப்போதுதான் சனிக்கிழமை மாலை கண்ணுக்கு முன்னால் வந்தது. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட வேண்டும் என்பது முதல் பாடம். அதை நாங்கள் மறந்துவிட்டோம். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. குழாய் பெட்ரோல் பக்கம் இருந்து என்ன பயன்? கிண்ணத்தில் இருப்பது அல்லவா எஞ்சினுக்குள் போகும்!

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பிளக் புதியது என்று காட்டி எங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். மீதியை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தோளில் கட்டோடு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருக்க, அந்த வழியே நடக்க எங்களுக்குக் கால் வரவில்லை. புதன்கிழமை சகாய அன்னை நவநாள் முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் திட்டினார். வாங்கிக்கொண்டோம். வைத்தியச் செலவிலும் பலகைச் செலவிலும் எங்கள் பங்கைக் கொடுத்தோம். இரண்டு மாதம் பேச்சு இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அதே எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்தார். "நீங்களே பாருங்கலே. இந்தத் தடவை நானும் கூட நிப்பேன்" என்றார். இன்று வரை நிற்கிறார்.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறோம். வேலை பார்த்த எஞ்சின் கிளம்பாவிட்டால் புதிதாக ஒரு கோளாறைத் தேடி ஓடாதீர்கள். கடைசியாகக் கைபட்ட இடத்துக்கே திரும்புங்கள். என்னென்ன கழற்றினோம், என்னென்ன மாட்டினோம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பத்தில் எட்டுத் தடவை பதில் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

முதலாவது, கழற்றாமலே பார்க்கக் கூடியவை. நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கயிறு, அதன் கொக்கி இடத்தில் இருக்கிறதா? அது இல்லாமல் எத்தனை இழுத்தாலும் தீப்பொறி வராது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் எண்ணெய் இழுபடாது. சில நிமிடம் ஓடி நின்றுபோவதற்கும் இதுவே காரணமாகும்.

இரண்டாவது, எண்ணெய் வரும் வழி. குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழை அமுக்குங்கள். அது கெட்டிப்பட வேண்டும். கெட்டிப்படாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. இணைப்பு சரியாகப் பூட்டவில்லை, அல்லது அதன் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் குமிழில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அடுத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி உள்ளே இருப்பதை வடித்துப் பாருங்கள். தண்ணீரா, மண்ணெண்ணெயா, பெட்ரோலா என்று அது சொல்லிவிடும். ஆயில் கலவையையும் சோதியுங்கள். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஊற்றினால் பிளக் கரிந்துபோகும்.

மூன்றாவது, பிளக். கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, தீப்பொறி இல்லை. அல்லது சோக் அதிகமாகி மூழ்கிவிட்டது. மூழ்கியிருந்தால் சோக்கை மூடாமல் திறந்து விட்டு, நிறுத்தும் கொக்கியைக் கழற்றி, பிளக் இல்லாமல் சில தடவை இழுத்து உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். பிறகு சிந்தியதை எல்லாம் துடைத்து, காற்றில் ஆவி போன பிறகே பொறியைச் சோதிக்க வேண்டும். பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உடலில் நன்றாகப் பதிய வேண்டும். பிளக் துளையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்கே காத்திருக்கும். பீடியோடு பக்கத்தில் வருகிறவரை விரட்டுங்கள், அவர் யாராக இருந்தாலும் சரி.

பொறி இல்லை என்றால் மூடியைத் திரும்ப மாட்டியபோது ஏதேனும் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தும் சுவிட்சின் வயர் தோல் உரிந்து உடலைத் தொட்டால், கொக்கி கழன்றது போலவேதான், பொறி செத்துவிடும். பிளைவீலைக் கழற்றியிருந்தால் அதன் சிறு சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். அது கரையில் பார்க்க வேண்டிய வேலை.

உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பில்டர் மாற்றி, குழாய் கழற்றி வேலை நடக்கும். ஆகஸ்டு முதல் நாள் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் குழாயில் புகுந்த காற்றின் மேல்தான். டீசல் குழாயைத் திறந்த எவரும் காற்று எடுக்காமல் மூடக் கூடாது. பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தால் நுரை நுரையாக வரும். குமிழ் நின்று தெளிந்த டீசல் வரும்போது, பம்பு அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். அடுத்து இஞ்செக்ஷன் பம்பிலும் அப்படியே. அதற்கும் பிடிக்காவிட்டால் இஞ்செக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் சுற்றினால் காற்று வெளியேறும். இஞ்செக்டர் பீச்சுகிற முனைக்கு நேரே மட்டும் கையை நீட்டாதீர்கள். அந்த வேகம் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் குழாய் திறந்திருக்கிறதா, நிறுத்தும் லிவர் இழுத்தபடியே நிற்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் "டிக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரி முனையைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் பிடித்திருக்காதீர்கள். இடையில் ஆறவிடுங்கள்.

கிளம்பிய பிறகும் வேலை முடியவில்லை. வெளி எஞ்சினில் தண்ணீர் பீச்சி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். புது இம்பெல்லர் கருகிவிடும். எல்லாம் சரி என்றால் நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை கிளப்புங்கள். சூட்டில் கிளம்புவது பெரிதல்ல. குளிரில் கிளம்பினால்தான் வேலை முடிந்தது. இந்த இரண்டாம் சோதனையைச் சனிக்கிழமை மாலையே நாங்கள் செய்திருந்தால் ஒரு மனிதனின் தோள் முறிந்திருக்காது.

தம்பிமாரே, 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நம் கரைக்குச் செய்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று திரும்பாதவர்களின் படங்கள் நம் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. எஞ்சின் நின்ற வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும் என்பதை மறந்துவிடலாகாது. ஆகவே எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நங்கூரமும் நீளமான கயிறும் இருக்கட்டும். புது பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், ஒரு போத்தல் சுத்தமான பெட்ரோல் ஆகியவற்றை ஈரம் படாமல் கட்டி வையுங்கள். வி.எச்.எப். கருவி இருந்தால் 16-ஆம் சானலில் கூப்பிடுங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் உள்ள தூரம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554 எண் உதவும். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். வேலை பார்த்த எஞ்சினோடு முதல் நாள் போகும்போது தனியாகப் போகாதீர்கள். இன்னொரு வள்ளம் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, எங்களைப் போல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் கிளம்பாதபோது முதலில் வாயைத் திறக்காதீர்கள். கார்புரேட்டரைத் திறங்கள். குறை யாருடையது என்று அதற்குப் பிறகு பேசலாம். குறை நம்முடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் மறைத்த நாங்கள் இரண்டு மாதம் அனுபவித்தோம். வள்ளக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கையில் கிரீஸோடு ஒருவன் வீட்டு வாசலில் வந்து தன் தவறை ஒப்புக்கொண்டால், திட்டுங்கள். ஆனால் மறு எஞ்சினையும் அவனிடமே கொண்டுவாருங்கள். அவன் அந்தத் தவறை இனி மறக்கமாட்டான்.

ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆலய மணி ஓசையைக் கேட்டுக் கடலுக்குப் போனவர்களையும், போய்த் திரும்பாதவர்களையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்வோம். கடலின் விண்மீனாகிய அன்னை மரியாள் நம் வள்ளங்களை எல்லாம் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக!