வட்டமாகப் போட்ட கதிரைகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இன்றைய காலத்தில் திருச்சபை வாழ்வு’ என்று எங்கள் செயலாளர் தலைப்பைத் தந்தபோது, இதற்கு ஒரு போதகரையல்லவா கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். “போதகர்மார் ஒவ்வொரு ஞாயிறும் பேசுகினம்தானே, ஒரு நாளைக்கு வாங்கிலை இருக்கிற ஆள் பேசட்டும்” என்றார். நான் இறையியல் படித்தவள் அல்ல, நோயாளரைப் பார்ப்பவள். ஆகவே ஒரு நோயாளரிலிருந்தே தொடங்குகிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, தன் உயிரை மாய்க்க முயன்ற 19 வயதுப் பிள்ளை ஒருத்தியை எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். விடியப்புறம் அவள் கண் விழித்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “டொக்டர் அன்ரி, நீங்கள் எங்கடை சேர்ச்தானே?”

ஆம். அவள் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பவள். எத்தனையோ ஞாயிறுகள் அவளுடைய பின்னலைப் பார்த்திருக்கிறேன். சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் அவளைப் பார்த்துக் கைகூப்பியும் இருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லையா பிள்ளை, சபையில் ஒருவரிடமாவது கதைத்திருக்கலாமே என்றேன். அவள் கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள்: “அங்கை எங்கை அன்ரி கதைக்கிறது? பாட்டு, வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை. பிறகு வீட்டை போறது.”

ஒரு நோயாளரின் நிலை இப்படி வந்து முடிந்தால், எந்த இடத்தில் நாம் கவனிக்கத் தவறினோம் என்று பின்னோக்கிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று நான் அந்தக் கணக்கைப் பார்த்தேன். வாரம் ஒன்றரை மணித்தியாலம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அந்த நேரத்தில் எங்கள் வாய்கள் திறந்தது அச்சிட்ட மறுமொழிகளைச் சொல்ல மட்டும்.

எனக்கு இன்னொரு குற்ற உணர்வும் உண்டு. வேறு வழி ஒன்றை நான் அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே கண்டிருந்தேன். மேற்படிப்பின் ஒரு பகுதியாக இங்கிலாந்தில் ஒரு வருடம் பயிற்சிக்கு நின்றேன். தேவாலயங்களில் நரைத்த தலைகள் மட்டும் எஞ்சிக் கொண்டிருந்த காலம். இங்கிலாந்துத் திருச்சபை 2004இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சனங்கள் ஆலயத்துக்கு வரும்வரை காத்திராமல், அவர்கள் இருக்கும் இடங்களிலும் நேரங்களிலும் புதிய கூடுகைகள் தோன்ற வேண்டும் என்பது அதன் சாரம். அதே வருடம் போட்ஸ்மத் அருகே ஒரு பங்கில் ‘மெஸி சேர்ச்’ என்ற கூடுகை தொடங்கிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ‘அலங்கோலத் திருச்சபை’ என்று தமிழில் சொல்லலாம். பெயருக்கு ஏற்ற மாதிரித்தான்: பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக இருந்து பசையும் வர்ணமும் பூசிக் கைவேலை செய்வார்கள், பிறகு சிறு ஆராதனை, பிறகு எல்லாருக்கும் சாப்பாடு.

நான் இருந்த ஊரிலும் அப்படி ஒன்று நடந்தது, ஒருமுறை போனேன். ஞாயிறு பாடசாலைக் குழப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்த முதியவர், “இந்தக் கிழமை உங்களுக்கு எப்படிப் போனது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். தட்டில் இருந்த உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. ஆனாலும் அதை வெள்ளைக்காரரின் விசயம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான் அது திரும்ப ஞாபகம் வந்தது. அதற்காகப் பசையும் வர்ணமும் இறக்குமதி செய்ய வேண்டும் என்று சொல்லவரவில்லை. இறக்குமதியில் எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ‘வாங்கு’ என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். முன்னால் இருப்பவரின் முதுகை மட்டும் பார்க்க வைக்கும் ஒரு தளபாடம் எங்கள் பக்தியை எவ்வளவு தூரம் உருவாக்கிவிட்டது! 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன், இந்த மண்ணில் நிலைக்க வேண்டியது இந்த மண்ணின் மொழியில் இருக்க வேண்டும் என்று கண்டார். மருத்துவத்தில் அதை மெச்சுகிறோம். ஆராதனையில் அவ்வளவு தூரம் போகவில்லை.

போனவர்களும் இருக்கிறார்கள். நாங்கள்தான் போய்ப் பார்ப்பதில்லை. மருதனார்மடத்தில் சேவக் செல்வரட்ணம் 1939இல் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமம் இருக்கிறது. சந்தைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தால் எத்தனை தடவை போயிருப்போம்! குருநாகல் இப்பாகமுவையில் யோகான் தேவானந்தா 1957இல் தொடங்கிய தேவசரணாராமய, பௌத்தரோடும் விவசாயிகளோடும் சேர்ந்து சிந்தித்து வாழ்ந்த இடம். களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகளார் 1974இல் தொடங்கிய துலானவில், பௌத்த கலைஞர்கள் தாங்கள் விளங்கிக்கொண்ட இயேசுவை வடித்த படைப்புகள் இருக்கின்றன. திருச்சபை எப்படி வாழலாம் என்ற கேள்வியை எங்கள் நாட்டிலேயே எங்களுக்கு முன் கேட்டவர்கள் இவர்கள்.

அந்தப் பிள்ளை வைத்தியசாலையை விட்டுப் போன பின், ஆச்சிரமத்தில் அரைநாள் போய் இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இருந்தபோது, பக்கத்தில் இருப்பவரின் மூச்சுச் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு கதிரைகளை வட்டமாகப் போட்டோம்.

நாங்கள் செய்வது மிகச் சாதாரணமானது. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம். கைத்தொலைபேசிகள் ஒரு கடகத்துக்குள். சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை மூன்று முறை மெதுவாக வாசிப்போம், இடையில் மௌனம். பிறகு விரும்பியவர் பேசலாம், விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். ஒருவரும் புத்தி சொல்லக்கூடாது. புத்தி சொன்னவர் கோப்பை கழுவ வேண்டும். முதல் வருடம் பெரும்பாலும் நானும் ஒரு இளைப்பாறிய ஆசிரியையும்தான் கழுவினோம். பிறகு பிளேன்ரீயும் றொட்டியும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வருவாள். சைவப் பிள்ளை, நெற்றியில் திருநீற்றோடுதான் வருவாள். ஒருமுறை லூக்கா 13ஆம் அதிகாரம் வாசித்தோம். 18 வருடமாகக் கூனிப்போயிருந்த பெண்ணை இயேசு ஜெப ஆலயத்தில் கண்டு குணமாக்குகிற பகுதி. ஞாயிறு பாடசாலையிலிருந்து நான் எத்தனை முறை கேட்ட கதை! என் தோழி கேட்டாள்: “அப்ப அந்த 18 வருசமும் அந்த மனிசி அங்கை வந்துகொண்டுதானே இருந்திருப்பா? ஒருத்தரும் காணேல்லையோ?”

அன்று மௌனம் நீண்டுவிட்டது. நான் என் பிளேன்ரீயைக் குடிக்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை விறாந்தையில் சொன்னது வெளியே போய்விட்டது. சொன்னவர் அதற்குப் பிறகு வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்டோம். கேட்டுக்கொண்டார், ஆனால் வரவில்லை. சபையைப் பிரிக்கிறீர்களோ என்று கேட்ட ஒரு போதகர் இப்போது இடைக்கிடை வருகிறார். மௌனம் அவருக்குத்தான் மிகவும் கஷ்டம். கணவன்மார் கூட்டிப்போக வந்து படலையிலேயே நிற்கிறார்கள். இன்னொன்றையும் வைத்தியராகச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது எங்கள் வட்டம் அல்ல. சிகிச்சையும், உளமருத்துவ கிளினிக்கும், பொறுமையான ஓர் உளவளத்துணையாளரும். ஜெபத்தை மருந்துக்குப் பதிலாகக் கொடுப்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. அவள் இப்போது மாதத்தில் ஒருமுறை விறாந்தைக்கு வருகிறாள். அநேகமாகப் பிந்தித்தான் வருவாள். பேசுவது குறைவு. அவளுடைய பெயர் எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. ஊர்ச் சபைகளுக்கு நீங்கள் அனுப்பிய ஒலிபெருக்கியும் கீபோர்டும் புரொஜெக்டரும் நல்ல பாவனையில் இருக்கின்றன, நன்றி. இந்த முறை பணம் கேட்கவில்லை. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உங்கள் வீட்டு வரவேற்பறையில் நாலு கதிரைகளைத் திருப்பிப் போடுங்கள். ‘சேர்ச்சுக்கு வரமாட்டேன்’ என்று சொல்லும் உங்கள் மகனையும் இருத்துங்கள். அவன் ஆங்கிலத்தில் பேசட்டும். கேள்வி கேட்கட்டும். கோப்பையை நீங்கள் கழுவுங்கள்.

எங்கள் விறாந்தையில் இப்போது இடம் போதாது. விடுதிச் சாப்பாட்டறையை மாதத்தில் ஒரு நாள் பாவிக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். திறப்பு என்னிடம் இருக்கிறது. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, பின்னேரம் 4 மணி. நீள மேசைகளைச் சுவரோடு ஒதுக்க 3 பேர் தேவை. மதில் பக்க மேசையின் ஒரு கால் ஆடும், நாங்கள் படித்த காலத்திலும் ஆடியது. அதைப் பார்த்துத் தூக்குங்கள்.