வாழ்த்து வராதவர்கள்

(எங்கள் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், உத்தரவை மீற மாட்டேன். இன்றைய விஷயம், பிறந்தநாளன்று கைபேசியில் வந்து குவியும் வாழ்த்துக்கள். "இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று என் சகதர்மிணியும் கேட்டாள். எதையும் அட்டவணை போட்டுப் பார்ப்பது பி.எஸ்ஸி. படித்த நாளிலிருந்து வந்த பழக்கம். சமீபத்தில் எனக்கு 76 பூர்த்தியானபோது வந்த வாழ்த்துக்களையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன்.

முதலில், எது பிறந்தநாள் என்பதே நம்மில் பலருக்குத் தகராறு. ஜாதகத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு நாள். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதியோடு பென்ஷன் வாங்குகிறவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அதிலும் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டால், மத்திய சர்க்கார் விதிப்படி முந்தைய மாதக் கடைசி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தகப்பனார் பிறந்த நேரத்தையும் டயரியில் குறித்து வைத்திருந்தார். அதனால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, நக்ஷத்திரமா தேதியா என்ற கேள்வி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சந்திரன் ஒரு நக்ஷத்திரத்தில் புறப்பட்டு மறுபடி அதற்கே வந்து சேர 27.32 நாள் ஆகிறது. அப்படி 254 சுற்று முடிய ஏறக்குறைய 6,940 நாள். 19 வருஷத்துக்கும் அதே 6,940 நாள்தான். ஆகவே 19, 38, 57, 76 வயது நிறையும்போது நக்ஷத்திரப் பிறந்தநாளும் இங்கிலீஷ் தேதியும் ஒரே நாளில், தவறினால் ஒரு நாள் முன்பின்னாக, வந்து சேரும். பழைய பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். எனக்கு இந்தத் தடவை இரண்டும் ஒன்றாகவே அமைந்தன. இரு கட்சிக்காரர்களும் ஒரே நாளில் வாழ்த்தியதால் கணக்கெடுப்பது சுலபமாயிற்று.

வாழ்த்துக்கள் வந்த வரிசை பூகோளப் பாடம் மாதிரி இருந்தது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சிட்னியிலிருந்து முதல் வாழ்த்து. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. காலை காபி வேளையில் சென்னை, பெங்களூரு, மும்பை. இங்கே விளக்கு வைத்த பிறகு அமெரிக்கா. குழுவில் ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த கால் மணியில் பத்துப் பேர் தொடர்கிறார்கள். பாதிக்கு மேல் ரோஜாப்பூவும் கேக்கும் போட்ட படங்கள். காலை வணக்கப் படங்கள் நிறைந்து இந்தியக் கைபேசிகள் திணறுவதாக 2018-ல் கூகுள் கம்பெனியே கண்டறிந்ததாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கும்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நம் வழக்கத்தில் பிறந்தநாள்காரன்தான் பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ணி ஆசீர்வாதம் வாங்குவான். இப்போது ஆறு வயதுக்கும் எழுபத்தாறு வயதுக்கும் ஒரே வாசகம். வந்தவற்றில் என்னை ஆசீர்வதிக்கும் பாத்தியதை உள்ளவர்களைத் தேடினேன். இரண்டே பேர், என் அத்திம்பேரும் ஒரு சித்தியும். வாழ்த்துக்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறுகிறது. "தீர்க்காயுஷ்மான் பவ" என்று சொல்கிறவர்கள் குறைகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில். தகப்பனார் சுரங்க ஆபீசில் குமாஸ்தா. எங்கள் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ல் நியூட்ரினோ துகளைக் கண்டார்கள். டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த சோதனை அது. மேலே மழையாகப் பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டியதால்தான், அபூர்வமாக வரும் அந்த ஒன்றிரண்டு கண்ணில் பட்டன. நானும் ஒரு வடிகட்டி வைத்தேன். "ஒரு எழுத்தும் மாற்றாமல் இதை இன்னொருவருக்கு அனுப்ப முடியுமா?" முடியாதவை மிகச் சில. அவற்றில் ஒன்று, "டேய், நம்ம வாத்தியார் பிரம்பு இன்னும் கனவுல வருதுடா" என்று ஸ்கெலட்டன் பால்ய சிநேகிதன் பேசி அனுப்பிய குரல்.

ஆனால் வடிகட்டியதில் ஒதுக்கியவற்றையும் குப்பை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வெறும் ரோஜாப்பூ படமானாலும், அனுப்பியவர் க்ஷேமமாக இருக்கிறார் என்று அது சொல்கிறது அல்லவா? 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊர் ஜனங்கள் திசைக்கொருவராகப் போய்விட்டோம். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் அத்தனை பேரும் தெருவில் கண்ணில் படுவார்கள் என்ற காலம் போய்விட்டது.

சுரங்கங்களில் வழக்கமான ஒரு ஏற்பாடு உண்டு. கீழே இறங்குகிறவர் எண் போட்ட வில்லையை எடுத்துக் கொள்வார், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் பலகையைப் பார்ப்பவர் கண் திரும்பி வந்த வில்லைகள் மேல் போகாது. காலியாக இருக்கும் ஆணிகளைத்தான் பார்க்கும்.

நானும் அதையே செய்தேன். சென்ற வருஷப் பட்டியலை இந்த வருஷப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட ஒன்பது பேருக்கும் ஒரு வாரத்துக்குள் போன் செய்தேன். ஐந்து பேர் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒருவர் நம்பரை மாற்றியிருக்கிறார். ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாமி, ஆத்துக்காரர் போனபின் யாரோடும் பேசாமல் இருந்தவர், முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி நம்பரை அவருடைய மாட்டுப்பெண் எடுத்தாள். "அப்பா போய் நாலு மாசம் ஆச்சு, மாமா. யாருக்குச் சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியல" என்றாள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். உங்கள் பிறந்தநாளுக்கு மறுநாள், வராதவர் பட்டியலை எழுதிப் போன் செய்யுங்கள். "ஏன் வாழ்த்தவில்லை?" என்று கேட்க வேண்டாம், "எப்படி இருக்கேள்?" என்று கேளுங்கள், போதும். இன்னொன்று, நமக்குப் பிறகு யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பெயரும் நம்பரும் ஒரு தாளில் எழுதிக் குழந்தைகளிடம் கொடுத்து வையுங்கள். ஃபேஸ்புக்கில் கணக்கு இருந்தால், நமக்குப்பின் அதைக் கவனிக்க ஒருவரை நியமிக்கும் வசதி 2015-லிருந்து இருக்கிறது. அதையும் செய்துவிட்டால், போனவருக்கு "மெனி மோர் ஹேப்பி ரிட்டர்ன்ஸ்" அனுப்பும் சங்கடம் சிநேகிதர்களுக்கு நேராது.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்தித்து விடைபெறுகிறேன்.