காந்தமும் செயற்கை மூட்டும்



செயற்கை மூட்டு தேயாமலிருக்கக் காந்தம் உதவுமா என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லுகிறோம். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். மூட்டு நம்முடையது, கத்திக்குப் படுப்பவர்களும் நாம், பணம் கொடுப்பவர்களும் நாம். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாத்தியதை நமக்கு நிச்சயமாக உண்டு.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து உருளுவது போன்றதாகும். அது கெட்டுப்போனால் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்கிறார்கள். உருளுகிறது என்றால் தேய்கிறது என்றுதான் அர்த்தம். தேய்ந்த தூளை நம் உடம்பிலுள்ள அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அதனால் உண்டாகும் அழற்சி பக்கத்திலுள்ள எலும்பை அரிக்கிறது. எலும்பு அரிக்கப்பட்டால் மூட்டு ஆட்டங்கொடுக்கிறது. மறுபடியும் ஆப்பரேஷன் செய்ய வேண்டி வருகிறது. எனவே தேய்மானந்தான் இதில் பெரிய எதிரி.

இந்த எதிரியோடு போராடியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியிலிருந்த ஜான் சார்ன்லி என்கிற டாக்டர். அவர் முதலில் டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளால் கிண்ணம் செய்து ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தார்கள், புகழ்ந்தார்கள். ஆனால் இரண்டு மூன்று வருஷங்களில் கிண்ணங்கள் தேய்ந்து, தூள் சதையைக் கெடுத்துவிட்டது. அவர் என்ன செய்தார்? விதி என்றாரா? நோயாளியின் பூர்வ ஜென்ம பாவம் என்றாரா? இல்லை. தப்பு தம்முடையது என்று ஒப்புக்கொண்டு, அந்த மூட்டுகளை எடுத்து மாற்றும் வேலையில் இறங்கினார்.

1962-ல் நெசவாலை இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் செய்யும் ஒரு பிளாஸ்டிக்கை விற்க ஒருவர் வந்தார். அதுதான் பாலிஎத்திலீன். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று தள்ளிவிட்டார். ஆனால் அவரிடம் வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்ற தொழிலாளி, அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் அதைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை! பெரிய டாக்டரின் தீர்ப்பை இயந்திரம் மறுத்தது; டாக்டரும் இயந்திரத்தின் பக்கமே சேர்ந்தார். அதோடு விடவில்லை. இரண்டு பொருள்களையும் தம்முடைய தொடையிலேயே வைத்துப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் டெஃப்லான் இருந்த இடம் வீங்கிக் கட்டியாயிற்று. மற்றது கைக்குத் தட்டுப்படவுமில்லை.

இப்போது காந்தத்திற்கு வருவோம். பந்திலும் கிண்ணத்திலும் ஒரே துருவங்கள் எதிரெதிராக நிற்கும்படி காந்தம் வைத்தால், ஒன்றையொன்று தள்ளும், சுமை குறையும், சுமை குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். யோசனை முட்டாள்தனமானதல்ல. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா? 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது இடுப்பு மூட்டில் இரண்டரை மடங்கு, அதாவது 150 கிலோ சுமை விழுகிறது. தடுக்கினால் இன்னும் பல மடங்கு. மூட்டுக்குள் அடங்கும் சிறு காந்தங்கள் இதில் ஒரு சொற்பப் பங்கைத்தான் தாங்கும். மேலும், நிலையான காந்தங்களை மட்டும் கொண்டு ஒரு பொருளை அசையாமல் மிதக்கவைக்க முடியாது, பக்கவாட்டில் சறுக்கிவிடும் என்று 1842-லேயே சாமுவேல் எர்ன்ஷா கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் ஒரு பாதிரியார். பாதிரியார் சொன்னார் என்பதற்காக நாம் ஒப்புக்கொள்ளவில்லை. பாதிரியார் என்பதற்காகத் தள்ளவுமில்லை. கணக்கு சரியாயிருக்கிறது, ஒப்புக்கொள்ளுகிறோம்.

இன்னும், வலிமையான நியோடிமியம் காந்தம் ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டவர் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போவதும் ஆபத்து. இதற்கிடையில் 1990-களின் கடைசியிலிருந்து வந்த, கதிர்வீச்சால் பதப்படுத்திய பாலிஎத்திலீன் கிண்ணங்கள் பழையவற்றைவிட மிகவும் குறைவாகவே தேய்கின்றன.

அப்படியானால் காந்தம் உடம்புக்குள் உதவவே உதவாதா? உதவுகிறது! ஹார்ட்மேட் 3 என்னும் இருதயப் பம்புக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் சுழலும் பாகம் எதையும் தொடாமல் காந்தத்தால் மிதக்கிறது. அங்கே சுமை குறைவு. மின்சாரக் கருவி நொடிதோறும் அதன் நிலையைத் திருத்துகிறது. ஒரே காந்தம் ஓரிடத்தில் பலிக்கிறது, மற்றோரிடத்தில் பலிப்பதில்லை. வித்தியாசம் மந்திரத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்லுகிறோமென்றால், நாமும் ஒரு சமயம் ஏமாந்தவர்களே. நம் தாயாருக்கு முழங்கால் வலி வந்தபோது, சந்தையில் ஒருவன் விற்ற காந்தப் பட்டையை விஞ்ஞானம் என்ற வார்த்தைக்காகவே வாங்கிக் கட்டினோம். இரண்டு வருஷம் டாக்டரிடம் போகாமல் அந்த அம்மாள் நொண்டினார்கள். தாயத்தைப் பரிகாசம் செய்த நாமே, காந்தம் என்ற பேரில் தாயத்துக் கட்டினோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே தோழர்களே! யார் என்ன சொன்னாலும், எதில் சோதித்தாய், எத்தனை நாள் ஓட்டினாய், எவ்வளவு தேய்ந்தது என்று கேளுங்கள். பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மடியிலுள்ள காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.