கரி குடிக்கும் ஹார்மோன்

பாண்டுப் ஸ்டேஷன் வாசலில் இளநீர் குடிக்கிறோமே, அந்தத் தென்னை வாழை மாதிரி பக்கக்கன்று விடாது. நல்ல மரத்தை அப்படியே பெருக்கத் திசு வளர்ப்புதான் வழி. காசர்கோட்டில் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருக்கிறது.

வாழைக்காயை நறுக்கினால் கறுக்கும். உடனே தண்ணீரில் போடுகிறோம். தென்னைத் திசுவும் வெட்டினால் கறுக்கும். அதனால் திசுவை வளர்க்கும் கூழில் கரித்தூள் சேர்க்கிறார்கள். கரி அந்தக் கறையை உறிஞ்சும். கூடவே திசு பெருகத் தேவையான ஆக்சின் என்ற ஹார்மோனையும் உறிஞ்சிவிடும்! அதனால் ஆக்சினைக் கூட்டிப் போடுகிறார்கள். திசு பெருகிய பிறகு, அதில் உருவாகும் கரு முதிர்ந்து முளைக்க, ஆக்சினைக் குறைக்கிறார்கள்.

ஆக்சினும் சமையலில் உப்பு மாதிரிதான். அளவும் முக்கியம், போடும் நேரமும் முக்கியம். அடுத்த முறை இளநீர் குடிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: அளவு, நேரம்.