வண்டித்தடமும் மேம்பாலமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகளில் மாட்டுவண்டி எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டேன். சலங்கை ஒலி உண்டு. மாட்டின் கண்கள் உண்டு. பேருந்து வந்துவிட்டால் மட்டும் புகையும் வசையும்தான். அவ்வண்டியில் அமர்ந்து வளர்ந்தவன் என்னும் உரிமையில் சில சொல்ல விழைகிறேன்.

எம்மூர் வேளச்சேரி. சோழர் காலக் கல்வெட்டுகள் வெளிச்சேரி என்று குறிக்கும் பழைய ஊர். தண்டீசுவரர் கோயில், ஏரி, ஏரிக்குக் கீழே நெல்வயல். என் இளமையில் ஊர் என்பது இவ்வளவுதான். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால், எங்களுக்கு அது கிண்டியில்தான் ஓடியது. இடையில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். கோடையில் அது நடை. மழையில் அது சேறு.

1963-ஆம் ஆண்டுக் கார்த்திகையில் அறுப்புக்கு நின்ற வயலில் என் தமையனாரைப் பாம்பு தீண்டியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையார் வண்டி பூட்டினார். ஏரிக்கரைத் தடத்தில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. நால்வர் தோள்கொடுத்துத் தூக்கினர். கிண்டி நிலையத்தின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபோது, அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்த அன்னையார், "இனி விரட்ட வேண்டாம்" என்றார். மாடுகள் தாமாகவே நின்றன. அந்தச் சலங்கை ஒலியை நான் இன்றுவரை எந்தக் கவிதையிலும் கேட்டதில்லை.

ஆகவே, பின்னாளில் ஊருக்குள் பேருந்து வந்தபோது நான் புகையைப் பழிக்கவில்லை. கற்பூரம் காட்டி வரவேற்ற கிழவியருள் என் அன்னையாரும் ஒருவர். நூறடிச் சாலை வந்தது. வயல்கள் மனைகளாயின, எங்கள் வயலும்தான். விற்றவர்கள் நாங்களே. அதை மறைத்துவிட்டு ஒப்பாரி வைப்பது முறையன்று.

1995-இல் கடற்கரையிலிருந்து புறப்பட்ட பறக்கும் இரயில் 1997-இல் மயிலையை எட்டியது. எம்மூர் வந்து சேர 2007 நவம்பர் ஆயிற்று. அதன் தூண்கள் பல பக்கிங்காம் கால்வாயில் ஊன்றப்பட்டவை. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் சென்ற நீர்வழி அது. ஒரு வழியின்மேல் இன்னொரு வழி. அன்று அதன் முடிவில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில், எம்மூர் நிலையம்.

இங்குதான் என் மகிழ்ச்சியில் முள் தைக்கிறது. வண்டித்தடம் நீருக்கு அஞ்சி வளைந்து வளைந்து சென்றது, அதனாலேயே தாமதம். சாலையோ நேராகச் சென்றது. 265 ஏக்கர் எனக் கணக்கிடப்பட்ட ஏரி ஏறத்தாழ 55 ஏக்கராய்ச் சுருங்கியது. உபரிநீர் சதுப்புநிலத்துக்குச் செல்லும் வழிகளில் வீடுகள் எழுந்தன. என் வீடும் வயலிருந்த இடத்தில்தான் நிற்கிறது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவுக்குப் படகு வந்தது. தொண்ணூறு வயதை நெருங்கிய அன்னையாரை அதில் ஏற்றினோம். துடுப்புப் போட்ட மீனவ இளைஞரிடம் அவர், "மெல்லப் போ தம்பி, இது மதகடி, ஆழம்" என்றார். அவருக்கு மட்டும் தெரிந்தது அந்த மதகு.

வண்டியைப் பாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அச்சுவரை இறங்கிய சக்கரத்தையும் சேர்த்துப் பாடுங்கள். பேருந்தைப் பாடினால் அது யாருடைய வயலின்மீது ஓடுகிறது என்றும் எழுதுங்கள். கருப்பொருள் தேடுவோர் மழைக்காலத்தில் எம்மூர் வரலாம். 2024 அக்டோபரில் பெருமழை வருமென்ற அறிவிப்பைக் கேட்டவுடன் மக்கள் தம் கார்களை ஓட்டிச்சென்று வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் வரிசையாக நிறுத்தினர். என் மகனும் நிறுத்திவிட்டு, முழங்கால்வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு, வீட்டுக்கு நடந்தே வந்தான்.